மாணாக்கரும் வலைப்பதிவும்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று சென்னையின் தென்புறம் நீண்டு வளர்ந்துவிட்ட பகுதிகளில் தெருவுக்கொரு பள்ளிக்கூடம் தோன்றியிருக்கிறது. ஆனால் அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் தாமாகச் சிந்தித்து, தாமாக எழுதி, பிறர் படிக்கும்படி வெளியிடுவதற்குரிய இடம் அந்த அளவுக்குத் தோன்றவில்லை. முற்காலத்தில் கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று இருந்தது. நான்கு பிள்ளைகள் கூடி, முத்து முத்தாக எழுதத் தெரிந்த ஒருவனைப் பிடித்து, மாதம் ஒரு பிரதி தயாரித்து, வகுப்பு வகுப்பாகச் சுற்றுக்கு விடுவார்கள். இன்று அநேக பள்ளிகளில் ஆண்டு மலர் மட்டுமே உண்டு. அதில் தாளாளரின் படமும், விளம்பரங்களும், வந்துபோன பிரமுகர்களின் வாழ்த்துரையும் போக மிஞ்சிய பக்கங்களே பிள்ளைகளுக்கு. சர்க்கார் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு கல்வித் துறையார் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் பத்திரிகைகளைத் தொடங்கியது பாராட்டத்தக்க காரியம். எனினும் ராஜ்யம் முழுமைக்கும் பொதுவான ஒரு பத்திரிகையில் தாம்பரத்துப் பிள்ளைக்கு எத்தனை வரி கிடைக்கும்?

இக்குறையைத் தீர்க்கும் சாதனம் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதுதான் வலைப்பதிவு. அதைப் பயன்படுத்துவது எப்படி, அதில் உள்ள அபாயங்களுக்குத் தப்புவது எப்படி என்பதைப் பற்றி உபாத்தியாயர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

வாலிபர்கள் பத்திரிகை நடத்துவது நமது மாகாணத்துக்குப் புதிதன்று. 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் லிட்டன் பிரபுவின் சர்க்கார் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி சென்னையில் ஆறு இளைஞர்கள் 'ஹிந்து' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஜி. சுப்பிரமணிய அய்யரும் வீரராகவாச்சாரியாரும் உபாத்தியாயர்கள்; ஏனைய நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணாக்கர்கள். ஹைகோர்ட்டு நீதிபதியாக முத்துசாமி அய்யர் நியமிக்கப்பட்டதை வெள்ளையர் பத்திரிகைகள் இழித்துப் பேசியதற்கு மறுமொழி சொல்ல ஒரு இடம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டார்களாம். நான்கு வருஷங்களுக்குப் பின் அதே சுப்பிரமணிய அய்யர் 'சுதேசமித்திர'னைத் தமிழில் ஆரம்பித்தார்.

இன்று சேலையூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒன்றே முக்கால் ரூபாயும் வேண்டியதில்லை. அவள் மாலையில் எழுதியதை இரவுக்குள் சிங்கப்பூரிலும் டொரோண்டோவிலும் உள்ள தமிழர் படிக்கலாம். ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. அந்த எண்பது பிரதிகளுக்கும் வாசகர்களுக்கும் இடையே பத்திராதிபர் இருந்தார். அச்சுக் கோப்பவர் இருந்தார். பிழை திருத்துபவர் இருந்தார். ஒரு வாக்கியம் நாலு கண்களைத் தாண்டியே தெருவுக்கு வந்தது. வலைப்பதிவிலோ விரலுக்கும் உலகத்துக்கும் இடையே ஒரு பொத்தானைத் தவிர வேறொன்றும் இல்லை. தவறாக வெளியிட்டதை அடுத்த நிமிஷமே அழித்துவிட்டாலும், அதற்குள் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கலாம். வலைப்பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேமிப்பதற்கென்றே அமெரிக்காவில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் ஸ்தாபனம் 1996 முதல் இயங்கி வருகிறது.

இந்த அபாயத்தைக் கண்டு, பிள்ளைகள் வலையில் எழுதவே கூடாதென்று தடை விதிக்கும் பள்ளி நிர்வாகிகள் ஒரு பக்கம். கைப்பேசியை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை எதைச் செய்கிறது என்று திரும்பிப் பாராத பெற்றோர்கள் மறுபக்கம். இவ்விரு கட்சியாரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். நீச்சல் கற்பிக்காமல் கிணற்றுக்கு மூடி போடுவதும், கற்பிக்காமல் திறந்துவிடுவதும் பிள்ளைக்கு நீச்சலைத் தருவதில்லை.

தமிழில் வலைப்பதிவு 2003-ஆம் ஆண்டு வாக்கில் தலையெடுத்தது. அடுத்த ஆண்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியைத் தொடங்கவே, ஆங்காங்கே சிதறி எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். 2015-இல் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழாவே நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் பள்ளி ஆசிரியர்கள் பலர். பிற்பாடு முகநூலும் வாட்ஸப்பும் வந்து அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டன. இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏற்றது வலைப்பதிவே என்போம். வாட்ஸப்பில் எழுதியது நாளைக்கு அடியில் போய்விடுகிறது. வலைப்பதிவில் எழுதியது தேதிவாரியாக நிற்கிறது; திருத்தலாம், சேர்க்கலாம், சென்ற வருஷம் எழுதியதோடு ஒப்பிடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, வாசலில் யாரை விடுவது என்பதைப் பதிவை நடத்துபவரே தீர்மானிக்கலாம்.

எதை எழுதுவது என்று கேட்பவர்கள் தாம்பரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி கண்டெடுத்த கற்கோடரிதான், இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகத்துக்கு முதலில் காட்டியது. பல்லாவரத்தில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் இறங்குகிறவர்களில், 1928-இல் டாக்டர் சௌரிமுத்து க்ஷயரோகிகளுக்காக அமைத்த ஆஸ்பத்திரியால்தான் அந்தப் பெயர் வந்தது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். 1937-இல் கிறிஸ்தவக் கலாசாலை பட்டணத்தை விட்டு இந்தப் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. 2021 நவம்பரில் ஊர் மாநகராட்சியாயிற்று. இவற்றையெல்லாம் பாட்டனார்களிடம் கேட்டு எழுதும் பிள்ளை சரித்திரம் எழுதுகிறது.

ஏரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று இந்தப் பிரதேசமே ஏரிகளின் பெயரால் ஆனது. 2015 டிசம்பர் மாத ஆரம்பத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் முழுகின. நான்கு வருஷங்கள் சென்று, 2019 கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சிட்லபாக்கம்வாசிகள் வறண்டு கிடந்த தங்கள் ஏரியில் தாமே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். ஒரு பள்ளி தன் பக்கத்து ஏரியின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வந்தால், பத்து வருஷத்தில் அது எஞ்சினீயர்களும் கேட்டு வாங்கும் தஸ்தாவேஜாகிவிடும். வானிலை இலாகாவில் உத்தியோகம் பார்க்காத பிரதீப் ஜானின் மழைக் குறிப்புகளுக்காகத் தமிழ்நாடே காத்திருந்ததை நாம் கண்டோம். ஒழுங்காகக் குறித்து, புரியும்படி எழுதியதே அவருக்கு அந்த மதிப்பைத் தேடித் தந்தது.

இனி ஜாக்கிரதையைப் பற்றிச் சொல்வோம்.

ஏரிக்கரையில் நின்றுகொண்டே, 'இப்போது நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு பிள்ளை எழுதக்கூடாது. வீடு திரும்பியபின் எழுதட்டும். மறுநாள் எழுதினாலும் ஏரி ஓடிப்போகாது. கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கக் கூடும். காமிராவின் அமைப்பில் இருப்பிடம் பதியும் வசதியை நிறுத்திவிட்டு எடுப்பதே முறை. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் மதிலையும் வாயிலையும் படமெடுத்து வெளியிடுவது விளையாட்டன்று என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பெயரைப் பற்றிய சங்கதி இன்னும் முக்கியமானது. தன் முழுப்பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றை வெளியிடக்கூடாதென்று சொன்னால் எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். புரிந்துகொள்ளக் கடினமானது வேறு. ஒரு பதிவில் கழுத்துப் பட்டையோடு கூடிய சீருடைப் படம்; இன்னொன்றில் 'எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில்'; மூன்றாவதில் 'மாலை டியூஷன் முடிந்து வரும்போது' என்று ஒரு வரி. தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. மூன்றையும் கோத்துப் பார்க்கும் ஒருவனுக்கு, அந்தப் பிள்ளை எந்த நேரத்தில் எந்தத் தெருவில் தனியே நடந்து வரும் என்பது தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவையும் மட்டுமல்ல, பழைய பதிவுகளையும் சேர்த்து மாதம் ஒருமுறை அந்நியன் கண்ணோடு படித்துப் பார்க்கும் வழக்கத்தை உபாத்தியாயர் ஏற்படுத்த வேண்டும்.

புனைபெயர் வைத்துக்கொள்வது கோழைத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஷெல்லிதாசன் என்று கையெழுத்திட்ட பாரதியார் கோழையா? கல்கி என்பதும் புதுமைப்பித்தன் என்பதும் தாய் தந்தையர் வைத்த பெயர்களா? புனைபெயர் தமிழ் எழுத்தாளனின் பிறப்புரிமை. பிள்ளைகள் அதைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் உற்சாகமே அவர்களை எழுதத் தூண்டும்.

இங்கே பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பரீட்சை முடிவுகள் வந்தவுடன் ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் பிள்ளைகளின் படம், பெயர், மதிப்பெண், பள்ளி எல்லாவற்றையும் ஆளுயரப் பதாகையில் ஏற்றி வைப்பவர்கள் யார்? பிறந்த நாள், முதல் நாள் பள்ளி, மொட்டையடித்த நாள் என்று பிள்ளையைக் கேளாமலே படங்களைப் பரப்புபவர்கள் யார்? அந்தரங்கத்தைக் காக்கும்படி பிள்ளைக்கு உபதேசிக்கும் பள்ளி, முதலில் தன் பதாகையை இறக்கட்டும்.

கணக்குத் தொடங்கும் முறையிலும் கவனம் வேண்டும். பிளாக்கர், வேர்ட்பிரஸ் ஆகிய இரண்டு சேவைகளும் ஆரம்பத்தில் காசு கேட்பதில்லை. கூகுள் கணக்கைத் தானே நடத்துவதற்கு நம் நாட்டில் பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் உறுதி செய்யத்தக்க சம்மதம் வேண்டுமென்கிறது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆகையால் பிள்ளைகள் தனித்தனியே கணக்குத் தொடங்கி அலைவதைவிட, பள்ளியின் பெயரால் ஒரே பதிவு இருப்பதும், பெற்றோரிடம் எழுத்து மூலமாகச் சம்மதம் பெறுவதும் உத்தமம். வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' என்றொரு படி உண்டு. அந்தப் படியில் உள்ளவர் எழுதலாம்; வெளியிட முடியாது. வெளியிடும் பொத்தான் ஆசிரியர் வசம் இருக்கும். பழைய அச்சுக்கூடத்துப் பத்திராதிபர் ஸ்தானம் இதுவே. பிளாக்கரில் குறிப்பிட்ட வாசகர்கள் மட்டும் படிக்கும்படி பதிவைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது.

நிர்வாகிகள் இருவர் இருத்தல் அவசியம். ஒரே ஆசிரியர் கையில் சாவி இருந்து அவர் மாற்றலாகிப் போனால், பதிவு பூட்டிய வீடு போல் நின்றுவிடும். விலைக்கு வாங்கிய தனி முகவரியின் தவணையைக் கட்ட மறந்தாலும் விபரீதமே; காலாவதியான முகவரிகளை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். கடவுச்சொல் விஷயத்தில் பள்ளியின் பெயரையும் 123-ஐயும் சேர்த்து வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டொழிக்க வேண்டும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து நீளமாக வைத்தால் ஊகிப்பது கடினம், நினைவில் வைப்பது சுலபம். அதற்கு மேல் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவைத்து, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. கம்ப்யூட்டர் அறையில் வேலை முடிந்ததும் கணக்கை விட்டு வெளியேறி வருவதை, சாப்பிட்ட பின் கை கழுவுவது போலப் பழக்க வேண்டும்.

அபாயம் பெரும்பாலும் பின்னூட்டத்தின் வழியாகவே நுழைகிறது. முன்பின் தெரியாத ஒருவர், 'உன் எழுத்து அபாரம்' என்று எழுதுவார். இரண்டாம் முறை, 'உன்னைப் போல் எழுதுபவரைக் கண்டதில்லை' என்பார். மூன்றாம் முறை மின்னஞ்சல் கேட்பார், பிறகு கைப்பேசி எண், பிறகு படம், பிறகு, 'இதை வீட்டில் சொல்லாதே.' புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் எந்த வயதிலும் அரிது. பதின்மூன்று வயதில் எதிர்பார்ப்பது அநியாயம். ஆகவே ஆசிரியர் பார்த்து அனுமதித்த பின்னரே பின்னூட்டம் வெளிவரும்படி வைக்க வேண்டும். வசவுகளையும் அவர் கண்ணிலேயே வடிகட்டிவிடலாம்.

இவ்வளவு செய்தும் ஒரு பிள்ளை வலையில் சிக்கிவிடக் கூடும். அப்போது அது யாரிடம் போய்ச் சொல்லும்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி என்று கருதுகிறோம். 'உன்னை யார் எழுதச் சொன்னது?' என்று அதட்டி, கைப்பேசியைப் பிடுங்கி, பள்ளியை விட்டு நிறுத்தும் வீட்டில் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். மிரட்டுபவனுக்கு அந்த மௌனமே முதல். பிள்ளை சொல்ல வந்தால் தண்டிப்பதில்லை என்ற உறுதியைப் பள்ளியும் பெற்றோரும் முதல் நாளே, எல்லோர் முன்னிலையிலும் கொடுக்க வேண்டும். வந்த செய்திகளை அருவருப்பினால் அழித்துவிடாமல், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது அவசியம்; அதுவே சாட்சியம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பண மோசடியாயின் 1930. மத்திய சர்க்காரின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். தாம்பரத்துக்கென்று 2022 ஜனவரி முதல் தனிப் போலீஸ் கமிஷனரகமும் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறி முடிப்போம். சக மாணவனைப் பழித்து எழுதுவது கேலியென்று தோன்றலாம். அவதூறு என்பது வயது பார்த்து நிற்பதில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையின் பெயரை மட்டுமல்ல, அதன் பள்ளியையும் வட்டாரத்தையுங்கூட அடையாளம் தெரியும்படி வெளியிடுவது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி குற்றம். அனுதாபத்தால் எழுதுகிறவர்களே இதில் அதிகமாக அகப்படுகிறார்கள். பிறருடைய படத்தையும் கட்டுரையையும் எடுத்துப் போடுவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதம். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை அந்த உரிமை நிற்கும். பாரதி பாடல்களைத் தாராளமாக எடுத்துப் போடலாம். 1949-இலேயே சென்னை சர்க்கார் அவற்றின் உரிமையை ஏற்றுப் பொதுவாக்க வழிசெய்துவிட்டது. இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய கட்டுரையைத் தன் பெயரில் போடும் பிள்ளை சட்டத்துக்குத் தப்பலாம், ஆனால் எழுதக் கற்காது.

அதே சமயத்தில், ஜாக்கிரதை என்ற பெயரால் பள்ளிகள் வாய்ப்பூட்டுப் போடுவதையும் நாம் ஒப்ப மாட்டோம். எவரையும் எரிச்சலூட்டினாலே சிறை என்றிருந்த 66-ஏ பிரிவை 2015 மார்ச்சு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளியது. 'எங்கள் பள்ளிக் கழிப்பறையில் ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை' என்று ஒரு மாணவி எழுதிக் கொடுத்தால், ஆசிரியர் பார்க்க வேண்டியது அது உண்மையா, யாரையும் பெயர் சொல்லி இழிவுபடுத்துகிறதா, எழுதியவளை அபாயத்தில் மாட்டுகிறதா என்ற மூன்றை மட்டுமே. நிர்வாகத்துக்குப் பிடிக்குமா என்பது நான்காவது கேள்வியாகக் கூடாது. உண்மையானால் வெளியிடட்டும், தண்ணீர் வந்தபின் அதையும் வெளியிடட்டும். 1908-இல் 'இந்தியா' பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, எழுதிய பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். சர்க்கார் பதிவேட்டில் பெயர் இருந்த எம். ஸ்ரீநிவாசன் சிறைக்குச் சென்றார். பள்ளிப் பதிவுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு இக்காலத்தில் அத்தகைய கதி இல்லை. ஆனாலும் நிர்வாகத்தின் முகச்சுளிப்பையும் பெற்றோரின் புகாரையும் முதலில் வாங்கிக்கொள்பவர் அவரே. அவருக்கு வாரத்தில் இரண்டு பீரியடாவது இதற்கென ஒதுக்கிக் கொடுக்காமல், ஏற்கெனவே உள்ள சுமையின் மேல் இதையும் ஏற்றும் தலைமையாசிரியர்கள் இந்தக் காரியத்தில் இறங்காதிருப்பதே நல்லது.

இறங்க விரும்பும் பள்ளிகளுக்கு ஒரு யோசனை. ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லா வகுப்புக்கும் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து ஆறு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் போதும். காலாண்டுத் தேர்வு வரையில் பதிவு பூட்டியே இருக்கட்டும். பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் மட்டுமே வாசகர்கள். அந்த மூன்று மாதங்களில் பிள்ளைகள் தங்கள் தவறுகளை வீட்டுக்குள்ளேயே செய்து முடித்துக்கொள்வார்கள். காலாண்டு விடுமுறை கழிந்து கதவைத் திறந்தால், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் சரியாக வந்து சேரும். சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரிக்கு நீர் வரத் தொடங்கும். முதல் வாரத்து அளவை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.